பிஞ்சு விரலும் பிசிறு வேலையும்

கடந்த ஜூன் மாதம் என் தம்பி தன் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தான். கட்டண ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். புத்தகம், சீருடை, வேன் எல்லாம் போக ஒரு வரி தனியாக இருந்தது: ‘ஃபைன் மோட்டார் கிட், ரூ. 1,800.’

“அக்கா, நீதான டீச்சரு. இது என்ன மோட்டாருன்னு பாத்துச் சொல்லு” என்றான்.

பெட்டியைத் திறந்தோம். ஓரத்தில் துளைகள் போட்ட யானை அட்டை, அதில் கோர்க்க ஒரு ஷூ லேஸ், முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசி, பெரிய மர மணிகள், பொத்தானும் காஜாவும் வைத்துத் தைத்த ஒரு துணி. குழந்தையின் விரல்களில் உள்ள சிறு தசைகளுக்குப் பயிற்சி. அவ்வளவுதான். அதில் தவறு ஒன்றுமில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்னப் பொருளை எடுக்கும் பிடி ஒரு வயது ஆகும்போதே வந்துவிடுகிறது. ஆனால் ஒரு கை பிடித்துக்கொள்ள மறு கை வேலை செய்வதும், கண் பார்த்த இடத்துக்கு விரல் போய்ச் சேர்வதும் வருடக்கணக்கில் பழகித்தான் வரும். கோர்ப்பதும் முடிச்சுப் போடுவதும் தைப்பதும் அதற்கு நல்ல வழிகள். பென்சில் பிடிப்பதும் சட்டைப் பொத்தான் போடுவதும் இவற்றோடு கைகோர்த்து வருபவை.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டிலிருந்து திரும்பும்போது இரண்டு தெரு தள்ளி ஒரு லைன் வீட்டு வாசலில் என் பள்ளிக் குழந்தை ஒருத்தியைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பு. அவள் அம்மா முன்னால் பண்டல் பண்டலாகக் குழந்தைகளுக்கான டி-ஷர்ட். அம்மா பீஸைத் திருப்பிப் போட, மகள் தையல் முடிந்த இடத்தில் தொங்கும் நூலை ட்ரிம்மரால் வெட்டிக்கொண்டிருந்தாள். பிசிறு வெட்டுவது. திருப்பூரில் இதைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. என்னைப் பார்த்ததும் குழந்தை ட்ரிம்மரைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

இரண்டு இடத்திலும் அதே விரல், அதே அசைவு. ஓர் இடத்தில் அதற்கு அப்பன் பணம் கட்டுகிறான். இன்னோர் இடத்தில் அதற்குப் பீஸ் கணக்கில் சில்லறை வருகிறது.

என் சண்டை அந்தப் பெட்டியோடு இல்லை. அந்த அம்மாவோடு நிச்சயமாக இல்லை. வசதியான குழந்தை செய்தால் கல்வி, ஏழைக் குழந்தை செய்தால் ஒத்தாசை, அதே குழந்தை வளர்ந்து பெண்ணானபின் செய்தால் ‘திறன் தேவையில்லாத வேலை’ என்று பெயரை மாற்றிக்கொண்டே போகிற கணக்கோடுதான் என் சண்டை.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கையில் படித்துவிட்டேன்.

1980களின் நடுவில், ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அம்மா என்னைத் தான் வேலை செய்த பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். ஏற்றுமதி பெருகிக்கொண்டிருந்த காலம். ஊரெல்லாம் புதுக் கம்பெனிகள். எல்லாக் கம்பெனியிலும் ‘கைமடிக்கு ஆள் தேவை’ என்ற அட்டை. கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீஸை மடித்துக் கொடுப்பது, தைத்து வந்ததை இழுத்து நூலை வெட்டி அடுக்குவது. டெய்லர் அண்ணன் பவர் டேபிள் முன்னால் ஸ்டூலில். நான் தரையில். மெஷின் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் என் கை நிற்கக் கூடாது. அண்ணனுக்குப் பீஸ் ரேட். அதனால் என் வேகம் அவர் சம்பளம். என் சம்பளமோ சனிக்கிழமை அம்மா கைக்குப் போய்விடும். நான் கேட்டது ஒரு ஐஸ். வாங்கிக் கொடுத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“உங்க புள்ளைக்குக் கை நல்லா ஓடுதுங்க” என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னார். அம்மா பெருமையாகச் சிரித்தாள். “பொம்பளப் புள்ளையில்லைங்களா, தானா வரும்” என்றாள்.

தானாக வரவில்லை. ஆறு வயதில் பாட்டிக்கு ஊசி கோர்த்துக் கொடுத்தது நான். பூக்கட்டியது நான். கீரை ஆய்ந்தது, அரிசியில் கல் பொறுக்கியது, தம்பியின் கால்சட்டைக்கு ஊக்கு மாட்டியது எல்லாம் நான். பள்ளியில் எங்களுக்குத் தையல் டீச்சர் இருந்தார். ஓடு தையல், சங்கிலித் தையல், காஜா எடுப்பது என்று ஒரு நோட்டு முழுக்கத் துணி ஒட்டி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் பையன்கள் மைதானத்தில் இருந்தார்கள். ஐந்து வருடம் எனக்குப் பயிற்சி நடந்திருக்கிறது. சம்பளமில்லாத பயிற்சியாளர் என் பாட்டி. கட்டணம் கட்டாத மாணவி நான். பயன் எடுத்தது கம்பெனி. அந்தப் பயிற்சிக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. அதனால் அது நடக்கவே இல்லை என்று ஆனது.

பிறகு, ஆசிரியர் பயிற்சியெல்லாம் முடித்து வெகுகாலம் கழித்து, டயன் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1981இல் ‘ஃபெமினிஸ்ட் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரையைப் பற்றி அறிந்தேன். ஏழை நாடுகளில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஏன் இளம் பெண்களையே தேடுகின்றன என்பது அவர்கள் கேள்வி. பெண்களுக்கு இயல்பிலேயே துறுதுறுவென்ற விரல்கள் என்பது முதலாளிகளின் பதில். அவர்கள் அதை உடைக்கிறார்கள். அந்த விரல் பிறவியில் வந்ததில்லை. சின்ன வயதிலிருந்து தாயும் மற்றப் பெண்களும் வீட்டுக்குள் கொடுத்த பயிற்சியில் வந்தது. தையல் அதில் முக்கியமானது. பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததால் அந்தத் திறன் திறனாக எண்ணப்படவில்லை. எண்ணப்படாததால் கூலி குறைவு. இதைப் படித்தபோது தரையில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பெண்ணை யாரோ கைபிடித்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

இன்றைக்கும் திருப்பூரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் கூலி ஒப்பந்தம் போடும்போது வேலைகளைப் பட்டியல் போடுவார்கள். கட்டிங், டெய்லர் எல்லாம் மேலே. கைமடி, அடுக்குவது, டேமேஜ் பார்ப்பது எல்லாம் கீழே. கீழே இருக்கும் வேலைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்.கே.ஜி. பெட்டியில் 1,800 ரூபாய்க்கு விற்கும் அதே விரல் திறன்தான் அந்த வேலைகளின் மூலதனம். குழந்தைக்கு அது ‘வளர்ச்சி’. பெண்ணுக்கு அது ‘ஹெல்பர்’.

இவ்வளவு தெரிந்த நானே ஒரு தவறு செய்தேன்.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. அரசுப் பள்ளி. என் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள், இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பும் அம்மாவுக்குக் குழந்தையின் பொத்தானைக் குழந்தையே போடட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது. அவளே போட்டுவிடுகிறாள். மிச்ச நேரம் குழந்தை கையில் செல்போன். அதில் விரலுக்கு ஒரே வேலை, தள்ளுவது. வகுப்பில் பென்சிலை முஷ்டியால் பிடிக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, சரி, இந்த ஊரில் இல்லாத தையல் பொருளா என்று ஒரு நாள் பை நிறையக் கட்டிங் வேஸ்ட்டும் நூல் கோன்களும் மொண்ணை ஊசிகளும் கொண்டுபோனேன். பெரிய புரட்சி செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மூன்றாம் நாள் ஒரு பெண் குழந்தையின் அம்மா வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரு கம்பெனியில் செக்கிங். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். வகுப்பு வாசலிலேயே நின்று கேட்டார்:

“ஊசி பிடிக்கவா டீச்சர் பிள்ளையப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்புறேன்? நான் பிடிச்சது பத்தாதா?”

விரல் தசை, பிடி, பென்சில் என்று நான் பயிற்சியில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, “எங்கம்மாவும் இதைத்தான் சொல்லுச்சு. கைத்தொழிலு ஒண்ணு தெரிஞ்சா பொழைச்சுக்குவன்னு” என்றார். எனக்குப் பதில் இல்லை.

அந்த வாரமே ஒரு பையனின் பாட்டி வந்தார். இந்த ஊர்க்காரர். “ஏனுங்க டீச்சர், பொட்டப்புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. பையன் கையில எதுக்குங்க ஊசி?” என்றார்.

“ஆத்தா, இந்த ஊர்ல டெய்லருங்க எத்தனை பேரு ஆம்பளைங்க!” என்றேன்.

“அது சம்பளத்துக்குங்க கண்ணு. இது சும்மாதானுங்களே” என்றார்.

எல்சனும் பியர்சனும் ஒரு கட்டுரை முழுக்க எழுதியதை ஆத்தா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சம்பளம் வந்தால் ஆணின் தொழில். சும்மா செய்தால் பெண்ணின் குணம்.

அந்த இரண்டு பேரும் என்னிடம் கேட்டது பாதுகாப்பைப் பற்றித்தான் என்று புரிய எனக்குச் சில நாட்கள் ஆயின. நான் ஊசியின் முனையை மழுக்கிவிட்டால் போதும், பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா பயந்தது முனைக்கு இல்லை. அந்த ஊசி தன் மகளை எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு.

அவர் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953இல் அன்றைய சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளி நேரம் பாதி. மீதி நேரம் பிள்ளை வீட்டில் அப்பாவின் தொழிலைப் பழக வேண்டும். பெண் பிள்ளை அம்மாவோடு வீட்டு வேலை பழக வேண்டும். கைக்கும் மூளைக்கும் சேர்த்துப் பயிற்சி என்று அழகாகத்தான் சொன்னார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார். வண்ணான் பிள்ளை வெளுக்கவும் நாவிதன் பிள்ளை சிரைக்கவும் பழகுவதற்குப் பெயர் கல்வியா என்ற கேள்வி மாகாணம் முழுக்கக் கேட்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தப் போராட்டத்தை நாம் சாதிக்கு எதிரானதாகவே நினைவில் வைத்திருக்கிறோம். சரிதான். ஆனால் ‘பெண் பிள்ளை வீட்டு வேலை பழகட்டும்’ என்ற பாதி, திட்டம் செத்த பிறகும் சாகவில்லை. அது எந்த அரசாணையும் இல்லாமல் எல்லா வீட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது.

அரசாணையும் பின்வாசல் வழியாக வரும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று முன்பைவிடக் கடுமையாகச் சொன்னார்கள். நல்லது. கூடவே ஒரு விலக்கு: அபாயகரமானதாக இல்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில், குழந்தை ‘உதவலாம்’. இப்போது என் தெருவைப் பாருங்கள். கம்பெனி வேலை ஜாப் ஒர்க்காகி, ஜாப் ஒர்க் பண்டலாகி, பண்டல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்ணுக்கு முதலாளி யார் என்று கேட்டால் அவளுக்கே பெயர் தெரியாது. இது குடும்பத் தொழிலா, கம்பெனி வேலையா? மகள் உதவுகிறாளா, உழைக்கிறாளா? சட்டம் கம்பெனி கேட்டில் நின்று காவல் காக்கிறது. வேலை எப்போதோ பின்பக்கமாக வெளியே போய்விட்டது.

பாதுகாப்பு என்றால் என்னவென்று திருப்பூருக்குத் தெரியாதா? மிக நன்றாகத் தெரியும். ஏற்றுமதிக் கம்பெனியில் மெஷின் ஊசி உடைந்தால் அத்தனை துண்டும் கிடைக்க வேண்டும். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் பதிவேட்டில் எழுதி, பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்தில் இருக்கும் பீஸ்களைத் தனியே எடுத்துத் தேடுவார்கள். குழந்தைகள் உடையை நீடில் டிடெக்டர் வழியாக அனுப்புவார்கள். பொத்தான் பிய்ந்து குழந்தை வாய்க்குள் போய்விடக் கூடாது என்று மெஷின் வைத்து இழுத்துச் சோதிப்பார்கள். சின்னக் குழந்தைகளின் உடையில் கழுத்தருகே இழுத்துக் கட்டும் கயிறு கூடாது என்று ஐரோப்பாவில் விதி இருக்கிறது. அந்த விதி நம் ஊர் டெய்லர்களுக்கு மனப்பாடம். எங்கோ இருக்கும் ஒரு குழந்தையின் தோலில் ஊசித் துணுக்கு ஒன்றும் படக் கூடாது என்று இவ்வளவு அக்கறை. அந்த அக்கறை சரியானது. அதில் ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. அந்த உடையின் பிசிறை வெட்டும் குழந்தையின் கையில் இருக்கும் ட்ரிம்மருக்கு மட்டும் ஏன் பதிவேடு இல்லை?

அதனால் அந்தக் கம்பெனி விதியையே என் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். இதைப் படிக்கும் அம்மாக்களும் ஆசிரியைகளும் அங்கன்வாடித் தோழிகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் விதி, எண்ணிக்கை. எத்தனை ஊசி கொடுத்தோமோ அத்தனை திரும்ப வர வேண்டும். வராவிட்டால் யாரும் எழுந்திருப்பதில்லை. ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டித் தேடுவோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எழுந்து நடக்கும்போது கையில் ஊசி இருக்கக் கூடாது, அதைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டுத்தான் எழ வேண்டும். ஊசியை வாயில் கவ்வுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. குழந்தைகள் முன்னால் அதை விட்டுவிடுங்கள். சொல்வதை அல்ல, செய்வதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாய்க்குள் போகும் அளவில் மணியோ பொத்தானோ தரவே கூடாது. மூச்சை அடைத்துவிடும். நூல் தீர்ந்த கோன்கள் போதும். ஒன்றன் மேல் ஒன்று அடுக்குவார்கள், நாம் பிடித்துக்கொண்டால் ஓட்டை வழியே தடித்த கயிற்றை விட்டு இழுப்பார்கள். மூன்று, நான்கு வயதில் கார்ட்டன் பெட்டி அட்டையை வெட்டித் துளை போட்டுக் கொடுங்கள். கோர்ப்பதற்குக் கட்டிங் வேஸ்ட். பனியன் துணியை ஒரு விரல் அகலம் கீறி இரு முனையையும் பிடித்து இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். முனையில் செல்லோ டேப் சுற்றினால் ஊசியே தேவையில்லை. பழைய சட்டையின் பொத்தான் பட்டியை வெட்டி அட்டையில் ஒட்டினால் பொத்தான் போடப் பழகலாம்.

நான்கு, ஐந்து வயதில் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல். ட்ரிம்மர் எந்த வயதுக் குழந்தைக்கும் வேண்டாம். அதன் இரண்டு முனையும் கூர், ஸ்பிரிங் தானாக வாயைத் திறந்துகொள்ளும், வேகத்துக்காகச் செய்யப்பட்ட கருவி அது. குழந்தைக்கு வேகம் எதற்கு? ஐந்து, ஆறு வயதில் காது பெரிதான மொண்ணை ஊசியும் சாக்குத் துணியும். முதல் தையலுக்குப் பனியன் துணி ஆகாது, இழுபட்டு நழுவும். சாக்கில் இழைகளுக்கு இடையே கண் தெரியும், ஊசி சுலபமாக இறங்கும். நூல் குழந்தையின் கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட நூல் சிக்கும், கழுத்திலும் சுற்றும். கூர் ஊசி ஏழு, எட்டு வயதில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது. இடது கைப் பழக்கமுள்ள குழந்தையை வலது கைக்கு மாற்றாதீர்கள். இருபது நிமிடம் போதும்.

இதெல்லாம் விரலுக்கான பாதுகாப்பு. அந்த உசிலம்பட்டி அம்மா கேட்ட பாதுகாப்புக்கு வேறு விதிகள் வேண்டும். அவற்றையும் எழுதி வகுப்பில் ஒட்டியிருக்கிறேன். பையனும் பெண்ணும் சேர்ந்து செய்ய வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. போதும் என்று குழந்தை சொன்னால் நிறுத்திவிட வேண்டும். எத்தனை முடித்தாய் என்று கேட்கக் கூடாது, யார் முதலில் என்று போட்டி வைக்கக் கூடாது. கோணல் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லக் கூடாது. தைத்தது அந்தக் குழந்தைக்கே சொந்தம். கண்காட்சிக்கு, நன்கொடைக்கு, விற்பனைக்கு என்று எதற்கும் எடுக்கக் கூடாது. ‘பொறுப்பான பொண்ணு’ என்ற பாராட்டு கண்டிப்பாகக் கூடாது.

விளையாட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் கோடு இதுதான். கைமடிக் காலத்தில் என்னால் நிறுத்த முடியவில்லை. என் கை வேறொருவரின் கணக்குக்கு ஓடியது. நான் மடித்த பீஸ் எதுவும் என்னுடையதில்லை. ஒரு குழந்தை நினைத்தபோது கீழே வைத்துவிட முடிகிற ஊசிதான் மொண்ணை ஊசி. கீழே வைக்க முடியாத ஊசி எதுவானாலும் கூர்தான்.

இதற்கு 1,800 ரூபாய்ப் பெட்டி தேவையா? மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில் திறந்தார். அது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போன பின் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தைகளுக்காகத் தொடங்கியது. பொத்தான் போடவும் நாடா கட்டவும் பழக்கும் மரச்சட்டங்கள் அவர் முறையில் வந்தவை. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தொழிலாளியின் பிள்ளைக்காகப் பிறந்த கல்வி, இன்று தொழிலாளியால் கட்ட முடியாத கட்டணமாக மாறி நம் ஊரில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நிற்கிறது. திருப்பூரின் எந்தத் தெருவிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்.

இல்லாதது பொருள் இல்லை. அம்மாவுக்கு நேரம் இல்லை, குழந்தைக்கு இடம் இல்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. எத்தனை தலைமுறைப் பெண்கள் தைத்து முடித்துவிட்டார்கள்! நான் கைமடிக்குப் போன கம்பெனியில் அப்படி ஓர் அறை இருந்திருந்தால் என் தம்பியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே எழுந்திருக்காது, அந்தக் கேள்விக்கு எப்போதும் நானே பதிலாக இருந்திருக்க மாட்டேன். எட்டு மணி நேரத்தில் குடும்பம் நடத்தும் கூலி வந்தால் ஒன்றரை ஷிப்ட் எதற்கு? பண்டல் வாசலுக்கு எதற்கு? குழந்தையின் விரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாயின் கூலியைப் பற்றிப் பேசாவிட்டால் அது வெறும் வியாபாரம்.

அந்த அம்மா மறுபடியும் வந்தார், இரண்டு மாதம் கழித்து, பெற்றோர் கூட்டத்துக்கு. பிள்ளைகள் தைத்த சாக்குத் துணிகளை அவரவர் பெயரெழுதிக் கொடியில் மாட்டியிருந்தோம். தன் மகளுடையதைத் தேடி எடுத்தார். செக்கிங் பழக்கம், கை தானாகத் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது. பக்கத்தில் ஆத்தாவின் பேரன் தைத்தது தொங்கியது. அதையும் திருப்பிப் பார்த்தார்.

“முடிச்சு அடியில வரணும் டீச்சர். நீங்க மேல போடச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இழுத்தா பிரிஞ்சுரும்” என்றார்.

அவர் சொன்னது சரி. பிள்ளைகளுக்கு அதைக் காட்டித் தர முடியுமா என்று கேட்டேன். “லீவு போட்டா சம்பளம் போயிரும்” என்றார். அதுவும் சரி.

அவர் வாயால் ‘நல்லது, சொல்லிக் கொடுங்கள்’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது. அவர் சந்தேகம் என் வகுப்புக்குத் தேவை. ஆனால் பள்ளிக்கு ஒரு கைவேலைப் பயிற்சியாளர் வேண்டும் என்றால் சான்றிதழோடு வெளியிலிருந்து யாரையோ கூட்டிவருவதற்கு முன், ஒரு பீஸைத் திருப்பிய நொடியில் குறையைக் கண்டுபிடிக்கும் இந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து, நாற்காலி போட்டு, டீச்சர் என்று அழைத்துக் கூப்பிடுங்கள். தரையில் உட்கார வைக்காதீர்கள். எங்கள் விரலுக்கு இந்த ஊர் தர வேண்டிய பாக்கி அங்கிருந்து தொடங்கட்டும்.